பூட்டு விழுந்துச்சு, கரண்டு சேரலை

நகரத்திலிருந்து யாராவது எங்கள் தோட்டத்துக்கு வந்தால், சோலார் பம்ப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் சொல்வது இதுதான்: "உங்களுக்கென்னங்க, சூரியனே மோட்டார் ஓட்டுது, கரண்டு பில்லே இல்லை." பில்லு முன்னாடியும் இல்லைங்க. தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அந்த இலவசக் கனெக்சனுக்கு எழுதிப் போட்டுவிட்டு எத்தனை வருசம் காத்துக் கிடக்கணும்ங்கறது தனிக்கதை. அதனாலதான் எங்க பக்கம் நிறையப் பேர் சோலாருக்கு வந்தோம். அது கிடக்கட்டும். பம்ப் கொஞ்ச நாள் நின்றுபோச்சு என்று சொன்னால் அடுத்து ஒரு பேச்சு வரும் பாருங்க: "மானியத்துல குடுத்தா இப்படித்தான். உங்க ஆளுகளுக்கு மெயின்டெய்ன் பண்ணத் தெரியாது."

அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதில் ஒரு விரல் அளவு பிளாஸ்டிக் சாமானில் இருக்கிறது.

சோலார் பேனலைப் பின்பக்கம் பார்த்தால் ஒரு கறுப்புப் பெட்டி தெரியும். அதிலிருந்து இரண்டு கறுப்பு வயர் தொங்கும். ஒவ்வொரு வயர் முனையிலும் ஒரு கனெக்டர். ஒரு பேனலின் முனையை அடுத்த பேனலின் முனைக்குள் செருகினால் 'டிக்' என்று சத்தம் வரும். இரண்டு பிளாஸ்டிக் காதுகள் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். அப்புறம் கையால் இழுத்தால் வராது. இரண்டு காதையும் ஒரே நேரத்தில் அமுக்குகிற ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்பேனர் வேண்டும். இந்தக் கனெக்டருக்குப் பெயர் எம்.சி.4. மல்டி கான்டாக்ட் என்ற சுவிட்சர்லாந்துக் கம்பெனியின் பெயரிலிருந்து எம்.சி., உள்ளே இருக்கிற உலோக ஊசியின் குறுக்களவு 4 மில்லிமீட்டர் என்பதால் 4. இதற்கு முந்தின எம்.சி.3-க்குப் பூட்டே கிடையாது. இறுக்கத்தில் நிற்கும், பலமாக இழுத்தால் வந்துவிடும்.

பூட்டு வைத்த கனெக்டர் உங்களுக்கும் புதுசு இல்லை. ஆபீசில் இன்டர்நெட் வயரின் முனையில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், அது ஒடிந்துவிட்டால் வயர் செருகியும் செருகாமலும் நின்று உயிரை வாங்கும். எங்க ஊர் மாரியம்மன் நோம்பிக்கு வருகிற ரேடியோ செட்டுக்காரரின் மைக் வயரில் எக்ஸ்.எல்.ஆர். கனெக்டர், ஒரு தகட்டை அமுக்கினால்தான் கழலும். சிசிடிவி கேமராவில் பி.என்.சி., செருகிக் கால் சுற்று திருப்பணும். எல்லாப் பூட்டும் ஒரே காரணத்துக்குத்தான்: காத்தடிச்சாலோ யாராவது காலில் இடறினாலோ வயர் கழன்று வரக்கூடாது. ஆனால் மைக் கழன்றால் பாட்டு நிற்கும், அவ்வளவுதான். சோலாரில் கழன்றால் தீ.

ஏன் என்று சொல்கிறேன். வீட்டுக்கு வருகிற கரண்டு ஏ.சி. வினாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகும். ஓடுகிற மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கினால் ஒரு பொறி வரும், அடுத்த பூஜ்யத்தில் அணைந்துவிடும். பேனலில் வருவது டி.சி. அதற்குப் பூஜ்யம் கிடையாது. பகலெல்லாம் ஒரே திசையில் ஒரே தள்ளு. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் பிரித்தால், இரண்டு முனைக்கும் இடையே நெருப்பு நாக்கு மாதிரி நிற்கும். வெல்டிங் பட்டறையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்திருப்பீங்களே, அதே வகை. என் பம்ப் 5 எச்.பி. பதினாறு பேனல், ஒவ்வொன்றும் 300 வாட், மொத்தம் 4800 வாட். பதினாறையும் பூச்சரம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள். ஓடும்போது ஒரு பேனலுக்கு 36 வோல்ட் என்றால் சரத்தின் இரு கடைசிக்கும் நடுவே 576 வோல்ட். உங்கள் வீட்டு 230-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அதனால்தான் பூட்டு வந்தது. அமெரிக்காவின் மின்சார விதித்தொகுப்பில், 2008-ஆம் வருசப் பதிப்பில், கைக்கு எட்டுகிற இடத்தில் 30 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற சோலார் கனெக்டரைக் கருவி இல்லாமல் திறக்க முடியக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். நல்ல விதி. பூட்டு மேல் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

என் சண்டையெல்லாம், 'டிக்' சத்தம் கேட்டதும் வேலை முடிஞ்சுதுன்னு வண்டி ஏறுறவங்களோடதான்.

அந்தச் சத்தம் பிளாஸ்டிக் போடுகிற சத்தம். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் மாட்டிக்கொண்டது என்று மட்டும்தான் அது சொல்லும். உள்ளே உலோகமும் உலோகமும் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது.

உள்ளே சேராமல் போக இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, வயரோடு ஊசியைப் பிணைக்கிற இடம். வயர் முனையைச் சீவி, செம்பு இழையை ஒரு சின்ன உலோகக் குழலுக்குள் விட்டு, அதற்கென்றே இருக்கிற கிரிம்பிங் டூலில் வைத்து அழுத்தணும். சரியான டூலாக இருந்தால் குழலும் இழையும் ஒரே துண்டு மாதிரி இறுகிவிடும். சைட்டுக்கு வருகிற பையன் கையில் இருப்பதோ கட்டிங் பிளேயர். அதால் நசுக்குகிறான். குழல் சப்பையாகும், இழை உள்ளே ஆடிக்கொண்டிருக்கும். பின்னால் மூடியைத் திருகிவிட்டால் அழுத்தினதா நசுக்கினதா என்று வெளியே இருந்து யாரும் சொல்ல முடியாது. செருகிப் பாருங்க, ஜம்முனு 'டிக்'னு விழும்.

இரண்டாவது வழி இன்னும் கள்ளத்தனமானது. எம்.சி.4 மாதிரியே ஆயிரம் கம்பெனி போடுகிறார்கள். "எம்.சி.4 கம்பாட்டிபிள்" என்று அட்டையில் போட்டிருக்கும். ஒரு கம்பெனியின் ஆண் முனை இன்னொரு கம்பெனியின் பெண் முனைக்குள் போகும், பூட்டும் விழும். ஆனால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கின் பிடி, ஊசியின் நீளம், மேலே பூசியிருக்கிற உலோகம், தண்ணி புகாமல் தடுக்கிற ரப்பர் வளையம், இதெல்லாம் அவரவர் அளவு. இரண்டையும் சேர்த்து வைத்து யாரும் சோதித்தது கிடையாது. சோலார் பேனல் அமைப்புகளுக்கான சர்வதேசத் தரம் ஒன்று இருக்கிறது, ஐ.இ.சி. 62548 என்று எண். சேர்கிற இரண்டு பாதியும் ஒரே கம்பெனியின் ஒரே வகையாக இருக்கணும் என்று அது சொல்கிறது. சம்பந்தம் பண்ணும்போது ரெண்டு பக்கமும் விசாரிக்கிறோமில்லையா, அந்த அளவு அக்கறைகூட இதில் இல்லை.

என் பதினாறு பேனலில் எத்தனை சேர்மானம் என்று எண்ணிப் பார்த்தேன். பேனலுக்குப் பேனல் பதினாலு. இதில் இரண்டு பாதியும் பேனல் கம்பெனியே பேக்டரியில் வைத்து அனுப்பியது, ஒரே மேக். பிரச்சனை இல்லை. மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்கு ஒரு துண்டு வயர் போட்டதில் இரண்டு, கடைசியில் கன்ட்ரோலர் பெட்டிக்கு இறங்குகிற வயரில் இரண்டு. இந்த நாலும்தான் எங்க தோட்டத்தில் வெயிலில் உட்கார்ந்து கையால் செய்தது. நாலிலும் ஒரு பாதி பேனலோடு வந்த மேக். மறு பாதியில் பெயரே இல்லை. மாட்டுக்கு இருக்கிற காதுத்தோடு அளவுக்குக்கூட ஒரு அடையாளம் இல்லை.

இதன் விளைவு உடனே தெரிந்தால்கூடப் பரவாயில்லை. நல்ல கனெக்டரின் உள்ளே கரண்டுக்கு இருக்கிற தடை ஒரு ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. 8 ஆம்பியர் ஓடினாலும் சூடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. சேர்மானம் தளர்ந்து, தூசி ஏறி, களிம்பு பிடித்து, அந்தத் தடை அரை ஓம் ஆனது என்று வையுங்கள். எட்டை எட்டால் பெருக்கிப் பாதி, 32 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிட அதிகமான சூட்டை விரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் வைத்து மூடியிருக்கிறோம். அதே அரை ஓமால் குறைகிற வோல்டேஜ் எவ்வளவு? நாலே வோல்ட். 576-ல் நாலு போனால் மோட்டாருக்குத் தெரியவே தெரியாது. தண்ணி வழக்கம்போலக் கொட்டும். வாய்க்காலில் நிற்கிற எனக்கும் தெரியாது. பேனலுக்கு அடியில் பிளாஸ்டிக் வெந்துகொண்டிருக்கும்.

இப்ப சொல்லுங்க, இதில் விவசாயி மெயின்டெய்ன் பண்ணாதது எதை?

பழைய காலத்து மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டருக்குப் போகிற வயரை நட்டும் வாசரும் போட்டுத்தான் முறுக்கியிருப்பார்கள். லூசானால் கருகல் வாசம் வரும், நட்டு கறுத்துப்போய்க் கண்ணுக்குத் தெரியும். பியூசைப் பிடுங்கிவிட்டு உப்புத்தாளில் தேய்த்து முறுக்கினால் மறுபடி ஓடும். பழசுதான் நல்லதுன்னு சொல்ல வரலை. அந்தத் திறந்த நட்டையும், டேப் சுற்றாத ஜாயின்ட்டையும் ஈரக்கையோடு தொட்டுச் செத்தவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களிலேயே இருக்கிறார்கள். மூடின கனெக்டர் எவ்வளவோ மேல். ஆனால் திறந்த சாமானைப் பார்த்து நாமே சரி பண்ணலாம். மூடின சாமானை, மூடுகிறவன் சரியாக மூடியிருக்கான் என்று நம்பித்தான் ஆகணும். நம்பிக்கையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, பழியையும் என் மேலேயே போட்டால் எப்படி?

பழி போட்டதைச் சொல்கிறேன். சித்திரை மாசம், ஒன்றரை ஏக்கர் தக்காளி, பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. காலையில் பம்ப் ஓடவில்லை. மாட்டிக்கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டேன், புகார் எண் கொடுத்தார்கள். ஆறாம் நாள் ஒரு பையன் வந்தான். கெட்டிக்காரப் பையன், மல்டிமீட்டரை வைத்துக் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டான். வரிசை மாறுகிற இடத்துக் கனெக்டர் உருகி, கரிக்கட்டையாகித் தொங்குது. பூட்டு மட்டும் அப்படியே இருந்தது, ரெண்டு காதும் விழுந்தபடி. கையில் மாற்றுக் கனெக்டர் இல்லை, போய்விட்டான். ஒன்பதாம் நாள் கொண்டுவந்து மாட்டினான். "தம்பி, அந்தப் பக்கம் என்ன மேக், இந்தப் பக்கம் என்ன மேக்?" என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதாங்கண்ணா, செட்டாயிரும்" என்றான். செட்டானது. 'டிக்'.

போகும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டான். காரணம் என்ற இடத்தில் "பயனாளியின் கவனக்குறைவு" என்று எழுதியிருந்தது. பேனலைத் தண்ணி அடித்துக் கழுவினது ஒரு காரணமாம், மயில் வந்து உட்காருவது இன்னொரு காரணமாம். பேனலைத் தண்ணி ஊற்றிக் கழுவு என்று சொல்லிக் கொடுத்ததே அவர்கள்தான். மழையில் நனையாமல் இருக்க எம்.சி.4 என்ன, அட்டத்தில் வைக்கிற சாமானா? மயிலைப் பற்றி என்னிடம் சொல்லவே வேண்டாம், என் தக்காளியில் பாதியை அதுதான் தின்கிறது. ஆனா அதுக்கு கிரிம்பிங் தெரியாதுங்க. நான் கையெழுத்துப் போடவில்லை.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. டிப்ளமோ படித்தவன், ஒரு நாளைக்கு மூணு சைட் பார்க்கணுமாம், டூல் கம்பெனி கொடுக்கவில்லையாம், கனெக்டரைக் கம்பெனி எதைக் கொடுக்குதோ அதைத்தான் மாட்டணுமாம். கோபம் அந்தக் கணக்குப் போட்டவர் மேல். பேனலில் மிச்சம் பிடிக்க முடியாது, வாட் அளந்து பார்ப்பார்கள். பம்ப்பில் முடியாது, தண்ணி வரணும். கன்ட்ரோலரில் முடியாது, சீரியல் நம்பர் தாளில் ஏறுகிறது. என்னிடம் கையெழுத்து வாங்கிய ஒப்படைப்புத் தாளில் பதினாறு பேனலுக்கும் நம்பர் இருக்கு, மோட்டாருக்கு இருக்கு, பெட்டிக்கு இருக்கு. கனெக்டர் என்ற வார்த்தையே இல்லை. தாளில் இல்லாத இடத்தில்தான் மிச்சம் பிடிப்பார்கள். லட்சக்கணக்கில் போகிற ஒரு சாமானில், ஒரு வேளை டீச்செலவு மிச்சம்.

அந்த லட்சத்தில் என் பணமும் இருக்கிறது என்பதை நகரத்து நண்பர்கள் மறந்துவிடுகிறார்கள். 2019-ல் வந்த பி.எம்.குசும் திட்டத்தில் பம்ப்புக்கு மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு குறைந்தது 30 சதவீதம். மீதி விவசாயி தலையில். இதில் யாருங்க பயனாளி? நான் வாடிக்கையாளன். அதே திட்டத்தில் அஞ்சு வருசப் பராமரிப்பும் மாட்டிக்கொடுத்தவர் பொறுப்பு. காரணம் 'பயனாளியின் கவனக்குறைவு' என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்தப் பொறுப்பு என் தலைக்கு மாறிவிடும். அந்த வரியோட விலை அதுதான்.

இன்னொன்று, அந்த ஸ்பேனர். எம்.சி.4-ஐக் கருவி இல்லாமல் திறக்கக் கூடாது என்பது விதி என்றால், கருவியும் சாமானில் ஒரு பகுதி. எங்க பக்கம் நான் கேட்ட யாருக்கும் அதைக் கொடுக்கவில்லை. வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுச் சாவியைக் கொத்தனார் எடுத்துக்கொண்டு போன மாதிரி. கேட்டால், "உங்க கையில குடுத்தா ஓடும்போதே பிரிச்சுடுவீங்க, ஆபத்து" என்கிறார்கள். ஆபத்து நிஜம்தான், மேலே நானே எழுதியிருக்கேன். சுமையில் பிரிக்காதே என்று அந்தக் கனெக்டரின் உடம்பிலேயே பொடி எழுத்தில், இங்கிலீசில் அச்சடித்திருக்கும். அதைத் தமிழில் சொல்லிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? முதலில் கன்ட்ரோலரை நிறுத்து, அப்புறம் ஐசோலேட்டரை அணை, வெயில் இருக்கும்வரை முனையில் வோல்டேஜ் இருக்கும், உலோகத்தில் விரல் வைக்காதே. அஞ்சு நிமிசம். பூச்சிமருந்து அளவையும், டிராக்டர் பி.டி.ஓ.வையும், மூணு பேஸ் கரண்டையும் கையாளுகிற ஆளுக்கு இது விளங்காதா? ஸ்பேனர் இல்லாதவன் சும்மா இருப்பான் என்று நினைக்கிறார்களா? தண்ணியில்லாமல் பயிர் வாடும்போது ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்புவான். அப்பத்தான் காது ஒடியும், பூட்டே இல்லாமல் போகும்.

"இதெல்லாம் கிராமத்து காண்டிராக்டர் லட்சணம், பெரிய கம்பெனி பண்ணினால் இப்படி ஆகாது" என்று ஒருத்தர் சொன்னார். 2019 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் வால்மார்ட், டெஸ்லா மேல் வழக்குப் போட்டது. டெஸ்லா மாட்டிய சோலாரால் ஏழு கடைகளின் கூரையில் தீப்பிடித்தது என்பது புகார். வாடிக்கையாளர்களின் கூரைகளில் ஒருவகைக் கனெக்டரை டெஸ்லா ஓசைப்படாமல் மாற்றிக்கொண்டிருந்த செய்தியும் அந்தச் சமயத்தில் வெளியே வந்தது. நவம்பரில் இரண்டு கம்பெனியும் சமாதானமாகிவிட்டன. அங்கே யாரும் வால்மார்ட்டைப் பார்த்து "உனக்கு மெயின்டெய்ன் பண்ணத் தெரியலை"ன்னு சொல்லி முடித்துவிடவில்லை. கோர்ட்டுக்குப் போக அவர்களிடம் வக்கீல் இருந்தார். எங்ககிட்ட இருக்கிறது ஒரு புகார் எண்.

நீங்கள் தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கவும் முடியாதுங்க. 2024-ல் வந்த சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று உங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப்பிலும் ஓடியிருக்கும். மொட்டைமாடியில் ஏறுவதும் இதே பேனல், இதே கனெக்டர். என் தோட்டத்தில் தீப்பிடித்தால் சோளத்தட்டுப் போர் போகும். உங்கள் மாடிக்குக் கீழே பிள்ளைகள் தூங்குகிறார்கள். மாட்ட வருகிறவரிடம் பேனலோடு வருகிற கனெக்டர் என்ன மேக், நீ போடப்போவது என்ன மேக் என்று கேளுங்கள். எழுதிக் கேளுங்கள். வயர் முனையை எதால் அழுத்துகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கனெக்டர் தளத்தில் கிடந்து மழைத்தண்ணியில் ஊறாமல் கம்பியோடு தூக்கிக் கட்டியிருக்கா பாருங்கள். போகும்போது அந்த ஸ்பேனரைக் கேட்டு வாங்கிவையுங்கள். நீங்கள் கேட்டால் கொடுப்பார்கள், இங்கிலீசில் கேட்பீர்களே.

எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காத்து வருகிற இடம். ஆடியில் பேனல் சட்டமே முனகும், தொங்குகிற வயர் எல்லாம் நாள் பூரா ஆடும். உள்ளே ஆடுகிற இழை இன்னும் கொஞ்சம் ஆடும். கையால் செய்த நாலு சேர்மானத்தையும் இரண்டு பக்கமும் ஒரே மேக்காக, சரியான டூலில் அழுத்தி மாற்றித் தரச்சொல்லி, கரிந்த கனெக்டரின் போட்டோவும் வைத்துக் கம்பெனிக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கேன். ஆடிக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. ஒப்புகை அட்டை வந்துருச்சு. ஆள் இன்னும் வரலை.